திருப்பூர் டு ராமேஸ்வரம்: கடல் பார்க்க வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

திருப்பூரில் தைக்கும் டி-சர்ட்டுக்குக் கடல் புதிதல்ல. அட்டைப்பெட்டியில் அடைத்து கன்டெய்னர் லாரியில் ஏற்றினால், தூத்துக்குடி போய்க் கப்பலேறி ஐரோப்பா, அமெரிக்கா என்று கிளம்பிவிடும். ஆனால் அதைத் தைத்த டெய்லர், பிசிறு வெட்டிய அக்கா, மடித்து பாலிபேக்கில் போட்ட கைமடிப் பையன் எனப் பலருக்கும் கடல் என்பது காலண்டரிலும் ரீல்ஸிலும் பார்த்ததுதான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்டில் உட்காருபவர்களுக்கு மெஷின் நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் ரேஷன் வாங்கவுமே சரியாக இருக்கும். தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் பரீட்சை லீவு. வருடத்தில் இந்த மூன்று ஜன்னல்கள்தான் திறக்கின்றன. அதிலும் தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு அந்த நாட்கள் சொந்த ஊருக்கே போய்விடும்.

அப்படியும் ஒரு முறை, பல வருடப் பேச்சுக்குப் பிறகு, ஒரு குடும்பம் கடலுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா கட்டிங்கில். அம்மா ஓவர்லாக்கில். ஒன்பதாவது படிக்கும் பையன், நான்காவது படிக்கும் பாப்பா, முழங்கால் வலியோடு ஓர் அப்பத்தா. இந்த ஐந்து பேருக்கும் ஒரே ஊர் பிடிக்க வேண்டும் என்றால் ராமேஸ்வரத்தை அடித்துக்கொள்ள முடியாது. அப்பத்தாவுக்குக் கோயில், பாப்பாவுக்கு அலை, பையனுக்குப் பாம்பன் பாலமும் தனுஷ்கோடியும். பக்கத்து மெஷினில் உட்காரும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கும் இது தெரிந்த பெயர்தான். அவர்களுக்கு ராமேஸ்வரம் சார்தாம் என்னும் நான்கு புனிதத் தலங்களில் ஒன்று.

சிக்கல் வந்து இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ராத்திரி முழுக்கப் பயணம். விடிந்ததும் கடல், கோயில், தனுஷ்கோடி, பாலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து அன்றிரவே பஸ் ஏறும் திட்டம். ஷிப்மென்ட் தேதிக்கு ஓடுகிற அதே ஓட்டம். மதியத்துக்குள் அப்பத்தா உட்கார்ந்துவிடுவார். பாப்பா வாந்தி எடுக்கும். பையன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். இத்தனை வருடக் காத்திருப்பு ஒரு தலைவலியாக முடிந்துபோகும்.

அப்படி ஆகாமல் இருக்க, இறங்கிய முதல் சில மணி நேரத்தைச் சரியாகச் செலவழித்தாலே போதும்.

எப்போது கிளம்புவது?

தீபாவளி லீவு நீளமானது என்பதால் பலரும் அப்போதுதான் திட்டம் போடுவார்கள். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் மழையும் புயல் எச்சரிக்கையும் சகஜம். அப்போது போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். எச்சரிக்கை இருந்தால் தனுஷ்கோடிப் பக்கமே விடமாட்டார்கள்.

பொங்கல் லீவும் அதை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் அருமையானவை. வெயில் குறைவு. தனுஷ்கோடிப் பக்கத்துக் கழிமுகங்களில் பூநாரைகள் இறங்கியிருக்கும். இந்தப் பறவைகளுக்காகவே 2025 ஜூனில் தனுஷ்கோடியில் ஒரு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை ஆகிய நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் போகட்டும். சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் அந்த நாட்களையும் அதற்கு முந்தின, பிந்தின நாட்களையும் தவிர்த்துவிடலாம்.

மே மாத லீவில் போனால் வெயில் கடுமையாக இருக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்கள்தான் கிடைக்கும் என்பதால், விதவிதமான மீனுக்காகவே போகிறவர்கள் ஏமாறலாம்.

எப்படிப் போவது?

திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாகச் சுமார் 350 கி.மீ. காரிலோ வேனிலோ போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போகிறவர்கள் கோவில்வழியில் மதுரை வண்டி ஏறலாம். மதுரையில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பூர், கோவைப் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். ராமேஸ்வரம் வண்டிகளோ மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும். நடுராத்திரியில் பைகளோடும் பிள்ளைகளோடும் இடம் மாறும் அலைச்சலைக் கணக்கில் வைத்தே கிளம்ப வேண்டும். கோவையிலிருந்து திருப்பூர் வழியாக ராமேஸ்வரத்துக்கு வாராந்திர ரயிலும் இருக்கிறது. லீவு அந்தக் கிழமையோடு ஒத்துப்போனால் பெரியவர்களுக்கு அதுதான் வசதி. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வேன் பிடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். பகல் முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்த டிரைவரை ராத்திரியில் 350 கி.மீ. ஓட்ட வைக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான். இரண்டு டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் விடிந்த பிறகு கிளம்பலாம்.

பாம்பன் வந்ததும் எல்லோரையும் எழுப்புங்கள்

மண்டபம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் வந்துவிடும். தூங்குகிற பிள்ளைகளைத் தட்டி எழுப்ப வேண்டிய இடம் இதுதான். முதல்முதலாகக் கடலைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் திரும்ப வராது.

சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டேகால் கி.மீ.க்கும் மேல். அதற்கு முன்பு தீவுக்குள் போக ரயில் பாலம்தான் ஒரே வழி. 1914 பிப்ரவரியில் திறந்த அந்தப் பழைய ரயில் பாலம், கப்பல் வரும்போது நடுவில் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும். நூறு வருடங்களுக்கும் மேல் உழைத்துவிட்டு 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்பும். மெஷின் என்றால் கண் விரியும் திருப்பூர்ப் பையன்களுக்கு இதைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்பார்கள்.

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பது மட்டும் வேண்டாம். காற்று பலமாக இருக்கும். பின்னால் வரும் வண்டிகளுக்கும் ஆபத்து. மெதுவாகக் கடந்தாலே கண் நிறையப் பார்க்கலாம்.

இறங்கியதும் முதல் மூன்று மணி நேரம்

வண்டி நின்றதும் ஆட்டோக்காரர்களும் லாட்ஜ் ஆட்களும் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் எந்தப் பேரத்துக்கும் தலையாட்டக் கூடாது. முதலில் ஒரு டீக்கடை. எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும், பாத்ரூம் போக வேண்டும். பிறகு பேசலாம்.

ரூமைக் கிளம்பும் முன்பே போனில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பண்டிகை நாட்களில் இது இன்னும் முக்கியம். அப்பத்தா இருக்கும் குடும்பம் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தரைத்தளமா அல்லது லிஃப்ட் இருக்கிறதா? கக்கூஸ் எந்த மாதிரி? கோயில் நடக்கிற தூரமா? பஸ் நிலையத்திலிருந்து கோயில் சுமார் இரண்டு கி.மீ. இருக்கும். டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு ரூம் எடுத்தால் மறுநாள் ஆறு மணிக்குக் காலி செய்ய வேண்டியிருக்கும். சாவி வாங்கும்போதே இதைக் கேட்டுவிட்டால் மறுநாள் சண்டை இருக்காது.

ரூமுக்குப் போனதும் கடலுக்கு ஓடத்தான் மனசு வரும். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போதுதான் அம்மா கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். “கடல் எங்கயும் போயிடாது கண்ணு, ஒரு தூக்கம் போட்டு எந்திரி” என்று சொல்லி எல்லோரையும் படுக்கப் போட்டால், அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் மீதி இரண்டு நாளையும் காப்பாற்றும். ராத்திரிப் பயணத்தால் களைத்த உடம்போடு, வெறும் வயிற்றில், வெயிலில் கடலில் இறங்குவதுதான் முதல் நாள் மயக்கத்துக்கும் வாந்திக்கும் காரணம்.

தூங்கும் முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. பாப்பாவின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பரையும் லாட்ஜ் பெயரையும் எழுதிய சீட்டு ஒன்றை வைக்க வேண்டும். அப்பத்தாவிடமும் ஒன்று. கூட்டத்தில் தொலைந்தால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. போன் இல்லாமல் ஒருவரை ஒருவர் தேடுவது எப்படி என்று நாம் மறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

கடலில் கால் வைக்கும் முன்...

ராமேஸ்வரத்தில் இருப்பது ஒரு கடல் அல்ல. தீவின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஒன்று, தெற்கே மன்னார் வளைகுடா இன்னொன்று. அமைதியாக இருக்கும் வடபுறத்தைப் ‘பெண் கடல்’ என்றும், சீறும் தென்புறத்தை ‘ஆண் கடல்’ என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தக் குணம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வடகிழக்குப் பருவத்தில் வாடைக் காற்று அடிக்கும்போது வடபுறம் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்புறம் சீறும். அதனால் இணையத்தில் படித்ததை வைத்து எது அமைதிக் கடல் என்று முடிவு செய்யாமல், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டுவிடலாம். “அண்ணே, இன்னைக்கு இங்க இறங்கலாமா?” இந்த ஒரு கேள்விக்கு எந்த ஆப்பையும்விடச் சரியான பதில் அவரிடம் இருக்கும்.

ஆற்றிலும் கிணற்றிலும் நீந்தக் கற்றவர்கள் கடலில் அதிக நம்பிக்கையோடு இறங்கிவிடுவார்கள். பவானியிலோ அமராவதியிலோ நீந்திய அனுபவம் இங்கே அப்படியே உதவாது. அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். சில இடங்களில் கரையிலிருந்து உள்ளே போகும் நீரோட்டம் இருக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. அப்படி நீந்திக் களைத்துப்போவதுதான் உயிரை வாங்குகிறது. மல்லாந்து மிதந்து, கையை ஆட்டிக் கூப்பிட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு குறைந்த இடத்தில் கரை ஏறலாம். யாராவது தத்தளிப்பதைப் பார்த்தால், நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, தண்ணீர் கேன், டியூப் என மிதக்கிற எதையாவது வீசிவிட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டும். கடலோரக் காவல் உதவிக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

திருப்பூர்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தண்ணீரில் நீலமும் வெள்ளையும் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, பளிச் மஞ்சள், நியான் பச்சை போன்றவை தூரத்திலும் தெரியும். கிளம்பும் முன் காதர்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, குடும்பத்துக்கே ஒரே பளிச் நிறத்தில் டி-சர்ட் எடுத்துவிட்டால் கடலிலும் கூட்டத்திலும் பிள்ளையைத் தேடுவது சுலபம். போட்டோவும் நன்றாக வரும்.

சின்னப் பிள்ளைகள் காலை நனைத்து விளையாட, ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் அரியமான் கடற்கரை நல்ல இடம். காரிலோ வேனிலோ வருகிறவர்கள் போகும்போதோ திரும்பும்போதோ அங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம்.

22 கிணறு, ஒரு பிராகாரம்

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு மேல் கோயிலைச் சுற்றி நடந்தாலே போதும். தீர்த்தமாடுவதை மறுநாள் விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் சூரியன் உதிக்கும் நேரத்தில் அக்னி தீர்த்தம். கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல்தான் அது. படிகளில் பாசி வழுக்கும் என்பதால் அப்பத்தாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் போய், கவுன்டரில் டிக்கெட் வாங்கி, 22 தீர்த்தங்களிலும் வரிசையாக நீராடுவது வழக்கம். பெரும்பாலானவை கிணறுகள். மேலே நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்துக் கோடி தீர்த்தத்தில் முடியும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கும் கிணறுகளில் உப்புக் கரிக்காத தண்ணீர் கிடைப்பதைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ருசி பார்த்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தண்ணீரின் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் நிறம் மாறியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்குத் தொழிலே மாறியதையும் கண்ணெதிரே பார்த்த ஊர் அது. ஷாம்பு பாக்கெட்டும் பழைய துணியும் கடலில் மிதக்க நாம் காரணமாகக் கூடாது என்பது அங்கிருந்து வருகிறவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே புரியும். குளித்த துணியைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னாலும், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஈரத் துணியோடு சாமி சந்நிதிக்குப் போக முடியாது. மாற்று உடையைக் கையில் எடுத்துப் போக வேண்டும். நனைந்தால் ஒட்டாத, அடர் நிற உடையே பெண்களுக்கு வசதி. சளி, ஆஸ்துமா இருப்பவர்களும் முதியவர்களும் 22-லும் நனைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கையில் கொஞ்சம் தண்ணீர் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளலாம்.

தரிசனம் முடிந்ததும் மூன்றாம் பிராகாரத்தில் மெதுவாக நடக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் வரிசைகட்டி நிற்கும் நடை அது. சேதுபதி மன்னர்கள் காலத்தில் உருவானது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை புள்ளியாகத் தெரியும். தரை குளுகுளுவென்று இருக்கும். அப்பத்தா கால் நீட்டி உட்கார இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தனுஷ்கோடிக்கு எப்போது, எப்படி?

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 20 கி.மீ. பஸ் நிலையத்திலிருந்து அரசு டவுன் பஸ் போகிறது. ஆட்டோ, வேனும் உண்டு. ஆட்டோவில் போவதாக இருந்தால் எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், திரும்பவும் கூட்டி வர மொத்தம் எவ்வளவு என்பதை ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். காலை வெயில் ஏறும் முன்போ, மதியம் மூன்று மணிக்கு மேலோ போகலாம். மாலைக்கு மேல் செக்போஸ்ட்டில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். அங்கே நிழல் கிடையாது. தொப்பி, குடை, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் அவசியம்.

வழியில் கடல் நடுவே நிற்பது போலக் கோதண்டராமர் கோயில். 1964 புயலுக்குத் தப்பிய கோயில் அது. அதைத் தாண்டினால் பழைய தனுஷ்கோடியின் இடிபாடுகள்.

இங்கே பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கிளம்பும் ‘போட் மெயில்’ ரயில் இந்த ஊர் வரை வரும். இங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் அந்தப் பக்கம் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு புயல் அடித்தது. கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே எடுத்துப்போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. பல வருடங்கள் மணலில் ஜீப்பில்தான் போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது.

ஆனால் ஊர் முழுசாகக் காலியாகிவிடவில்லை. மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இன்றும் இருக்கின்றன. மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கின்றன. அவர்கள் கடையில் ஒரு மீன் வறுவலோ ஒரு பாட்டில் தண்ணீரோ வாங்கினால் அது நேராக அந்த வீட்டு அடுப்புக்குப் போகும். இடிந்த தேவாலயத்துச் சுவரில் ஏறுவதும், பெயர் கிறுக்குவதும் வேண்டாம். நிறைய பேர் செத்துப்போன இடம் அது.

அரிச்சல்முனைதான் சாலை முடியும் இடம். மூன்று பக்கமும் கடல். இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து 30 கி.மீ.க்கும் குறைவு. காலையில் சூரிய உதயமும், மாலையில் அஸ்தமனமும் தண்ணீரிலேயே நடக்கும். ஆனால் அங்கே கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. இரண்டு பக்க நீரும் மோதும் இடம். மணல் சட்டென்று ஆழமாகும், இழுப்பும் பலம். முதல் நாளே அரியமானிலோ அக்னி தீர்த்தத்திலோ பாப்பாவின் ஆசையைத் தீர்த்துவிட்டால், இங்கே அடம் பிடிக்காமல் கரையில் நின்று பார்க்கும்.

பேப்பர் போட்ட பையனின் வீடு

ஒன்பதாவது படிக்கும் பையனுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியவை இரண்டு. மசூதித் தெருவில் அப்துல் கலாம் குடும்பத்தின் வீடு. அங்கே அவருடைய பொருட்களையும் விருதுகளையும் பார்க்கலாம். இன்னொன்று, அவர் அடக்கம் செய்யப்பட்ட பேக்கரும்பில் 2017 ஜூலை 27-ம் தேதி திறந்த நினைவிடம். பாம்பனிலிருந்து வரும் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழையும்போதோ கிளம்பும்போதோ பார்த்துவிடலாம்.

1931-ல் இந்த ஊரில் ஒரு படகுக்காரர் வீட்டில் பிறந்தவர் கலாம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை செய்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய முதல் சம்பாத்தியம் அதுதான். பத்தாவது முடித்தாலோ முடிக்காவிட்டாலோ கம்பெனிக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடும் ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு, அந்த வீட்டுப் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைச் சொல்லலாம். அறிவுரையாகச் சொல்ல வேண்டாம், கதையாகச் சொன்னாலே போதும்.

என்ன சாப்பிடுவது, என்ன வாங்குவது?

கோயிலைச் சுற்றிச் சைவ ஹோட்டல்கள் நிறைய. வட இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். மீன் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போனால் சரியான கடைகள் இருக்கும். எந்தக் கடையானாலும் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டே உட்கார வேண்டும். மீன் வறுவல் என்றால் துண்டைக் காட்டச் சொல்லி விலையைக் கேட்டுவிட வேண்டும். முதல் நாளே வயிற்றைச் சோதிக்காமல் இட்லி, தயிர்சாதம் என்று இருந்துவிட்டு மறுநாள் மீனைப் பார்த்துக்கொள்ளலாம். வெயில் நாளில் நுங்கும் பதநீரும் கண்ணில் பட்டால் விடவே கூடாது. பனை மரத்துக்குப் பேர் போன மாவட்டம் அது.

வாங்கி வர நல்ல பொருட்கள் உண்டு. பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஆகியவை. வாங்கக் கூடாததும் ஒன்று உண்டு, அது பவளப்பாறை. அழகாக இருக்கிறதே என்று யாராவது நீட்டினாலும் தொடக் கூடாது. அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வைத்திருப்பதே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-லேயே கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் இந்தப் பவளப்பாறைகளுக்காகத்தான்.

பணத்தைக் கிளம்பும்போதே நான்கு கவர்களில் பிரித்துவிட்டால் திரும்பும்போது கைகடிக்காது. போக்குவரத்து, ரூம், சாப்பாடு என மூன்று. நான்காவது கவர் ஆஸ்பத்திரி, அவசரத்துக்கு. அதைத் திருப்பூர் வந்து சேரும் வரை பிரிக்கவே கூடாது. பிரிக்காமல் திரும்பிவிட்டால் அடுத்த பயணத்துக்கான முதல் தவணை ரெடி!

கடைசி நாள் ஒன்றும் வேண்டாம்

கிளம்பும் நாளில் புதிதாக எந்த இடத்தையும் சேர்க்க வேண்டாம். காலையில் மறுபடி ஒரு முறை கடற்கரைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஹார்ன் அடித்து டீ டைம் சொல்லாத, லைன் சூப்பர்வைசர் எட்டிப்பார்க்காத ஒரு மணி நேரம். வருடம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கும் அம்மாவுக்கு, எதையும் தைக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா?

தூத்துக்குடித் துறைமுகம் இருப்பதும் இதே மன்னார் வளைகுடாவின் கரையில்தான். அரிச்சல்முனையில் தெற்கே பார்த்து நின்றபோது பாப்பா பார்த்தது, திருப்பூர்ப் பெட்டிகள் கப்பலேறும் அதே கடலைத்தான். திங்கட்கிழமை கம்பெனி வாசலில் கன்டெய்னர் லாரி கிளம்பும்போது, “இந்தப் பொட்டி எல்லாம் எங்கம்மா போகுது?” என்று பாப்பா கேட்கும்.

இனி அம்மா சொல்லலாம். “கடலுக்குத்தான் கண்ணு. நாமதான் பாத்துட்டு வந்தமே!”